பிடிஎஃப்பில் சிக்கிய தமிழை வெளியே எடுப்பது எப்படி?

தமிழ் பிடிஎஃப் ஒன்றைத் திருத்தி எழுத வேண்டும் என்றதும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். 'பிடிஎஃப் டு வேர்டு' என்று கூகுளில் தேடி, முதலில் வந்து நிற்கும் தளத்தில் கோப்பை ஏற்றிவிடுவார்கள். ஆங்கிலக் கோப்பென்றால் இது அநேகமாகப் பலித்துவிடும். தமிழில் கையில் வருவது கட்டம் கட்டமான பொட்டிகள், இல்லையென்றால் புரியாத ஆங்கில எழுத்துகள், அதுவும் இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறிப் போன தமிழ். உடனே அடுத்த தளம், அதற்கடுத்த தளம் என்று ஓடுவதில் பயனில்லை. உங்கள் பிடிஎஃப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டால், எந்தக் கருவி வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

முதலில் பிடிஎஃப் எப்படிப்பட்டது என்று சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். அடோபி நிறுவனம் 1993இல் இதைக் கொண்டுவந்தது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். 2008இல் இது ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பின் தரமாகவும் ஆனது. பிடிஎஃப்புக்குச் சொல், வரி, பத்தி என்பதெல்லாம் அனேகமாகத் தெரியாது. 'பக்கத்தில் இந்த இடத்தில் இந்த வடிவத்தை வை' என்ற கட்டளைகள்தான் அதற்குள் வரிசையாக இருக்கும். அந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை தனியாக ஒன்று உண்டு. அது இல்லாவிட்டாலும், தப்பாக இருந்தாலும், கண்ணுக்குப் பக்கம் அழகாகவே தெரியும். காப்பி எடுக்கும்போதுதான் வண்டவாளம் தெரியவரும்.

மாற்றும் வேலையில் இறங்குமுன்

மூலக் கோப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் மெய்ப்புப் பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழைப்பிதழோ, மலரோ, சங்கத்தின் விதிமுறையோ, அதை வடிவமைத்த டிடிபிகாரரிடம் மூலக் கோப்பு இருக்கலாம். ஒரு போன் போட்டால் முடிந்துவிடும்.

பழைய நூல் என்றால், வேறு யாராவது ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளிலிருந்து தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் சேர்த்துவருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பக்கம் பக்கமாக எழுத்து வடிவில் கிடைக்கின்றன. அங்கே ஒரு நூல் இருந்தால், அதே நூலின் ஸ்கேன் பிடிஎஃப்போடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கோப்பு இரண்டு மூன்று பக்கம்தானா? பேசாமல் தட்டச்சு செய்துவிடுங்கள். போனில் குரல்வழித் தட்டச்சு இன்று தமிழுக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

ஒரு நிமிடச் சோதனை

பிடிஎஃப்பைத் திறந்து, நடுப்பக்கம் ஒன்றில் இரண்டு வரியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வேர்டில் ஒட்ட வேண்டாம். வேர்டு எழுத்துருவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து உண்மையை மறைத்துவிடும். அட்டையிலோ முதல் பக்கத்திலோ சோதிக்காதீர்கள். அவை படமாகவோ வேறு எழுத்துருவிலோ இருப்பது சகஜம்.

நோட்பேடில் சரியான தமிழ் வந்தால் உங்களுக்கு நல்ல நேரம். தமிழ் எழுத்துதான், ஆனால் கொம்புகள் இடம் மாறியிருக்கின்றன என்றால் அது இரண்டாவது வகை. ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை வந்தால் மூன்றாவது. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை, பக்கம் முழுக்கப் படம் மாதிரி நீலமாகிறது என்றால் நான்காவது, அதாவது ஸ்கேன்.

சந்தேகம் இருந்தால் அக்ரோபாட் ரீடரில் கோப்பின் பண்புகளைத் திறந்து 'ஃபான்ட்ஸ்' பகுதியைப் பாருங்கள். ஸ்கேன் செய்த கோப்பில் அந்தப் பட்டியல் காலியாக இருக்கும். மற்றவற்றில் எழுத்துருக்களின் பெயர்கள் தெரியும். பெயருக்கு முன்னால் ஆறு பெரிய ஆங்கில எழுத்துகளும் ஒரு பிளஸ் குறியும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எழுத்துருவின் ஒரு பகுதியை மட்டும் கோப்புக்குள் பொதிந்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். பிளஸ்ஸுக்குப் பின்னால் இருப்பதுதான் பெயர்: லதா, பாமினி, வானவில் ஔவையார் என்று ஏதாவது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரியான தமிழ் வந்தால்

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேர்டு 2013 முதல் எல்லாப் பதிப்புகளும் பிடிஎஃப்பை நேரடியாகத் திறக்கும். பத்தி, தலைப்பு, அட்டவணை ஓரளவு அப்படியே வரும். வடிவம் தேவையில்லை, எழுத்து மட்டும் போதும் என்றால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டுவதே சுத்தமான வழி. வரிகள் உடைந்துதான் வரும். அதைச் சரிசெய்யும் விதம் பின்னால் வருகிறது.

கொம்பு இடம் மாறியிருந்தால்

'சென்னையில் கொட்டும் மழை' என்று பக்கத்தில் இருப்பது, ஒட்டும்போது 'ெசன்ைனயில் ெகாட்டும் மைழ' என்று வரும். கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டுத் தரமான யூனிகோடில் மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னாலும் வைப்பதுதான் முறை. 'செ' என்றால் சகரம் முதலில், ஒற்றைக்கொம்பு அடுத்து. திரையில் கொம்பை முன்னால் கொண்டுபோய்க் காட்டுவது எழுத்துருவின் வேலை. பிடிஎஃப்போ கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பை முன்னால், சகரத்தைப் பின்னால் என்று எழுதி வைத்திருக்கிறது. காப்பி எடுத்தால் அதே வரிசையில் வெளியே வருகிறது.

இதைக் கையால் திருத்தப் போகாதீர்கள். வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் ஒட்டி, தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, கூடுதல் விருப்பங்களில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்' என்பதில் டிக் அடியுங்கள். தேட வேண்டியது:

([ெேை])([க-ஹ])

மாற்றாக இட வேண்டியது:

$2$1

முன்னால் வந்த கொம்பையும் பின்னால் வந்த மெய்யையும் இடம் மாற்று என்பதுதான் இதன் பொருள். 'எல்லாவற்றையும் மாற்று' என்று ஒரே ஒரு முறை அழுத்துங்கள். மறுபடி அழுத்தினால் சரியாகிவிட்ட கொம்புகள் அடுத்த எழுத்துக்குத் தாவி, முன்னைவிட மோசமாகும். பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் இருக்கும் கோப்பிலும் இதைப் போடக் கூடாது. தப்பான பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்தத் தேர்வுக்குள் மட்டும் மாற்றுங்கள்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. மேலே சொன்ன மாற்றத்துக்குப் பின் 'கொ' திரையில் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டாக இருக்கும். யூனிகோடில் ஒகரத்துக்கு ஒரே குறியாக ொ தனியாக உண்டு. துண்டாக விட்டால் சில மென்பொருள்களில் 'கொட்டும்' என்று தேடினால் கிடைக்காது. எனவே ஒற்றைக்கொம்பும் காலும் அடுத்தடுத்து வரும் இடங்களை ொ என்றும், இரட்டைக்கொம்பும் காலும் வரும் இடங்களை ோ என்றும் மாற்றிவிடுங்கள். 'க்ஷே' போன்ற கூட்டெழுத்துகளும் 'கௌ' வரிசையும் இந்த வலையில் சரியாகச் சிக்காது. அவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும். நல்லவேளையாக அவை குறைவு.

சில கோப்புகளில் இடமாற்றத்தோடு நிற்காமல் கு, மு, டி போன்ற எழுத்துகளே காணாமல் போயிருக்கும், அல்லது பொட்டியாக வரும். அட்டவணையில் அந்த வடிவங்களுக்குப் பதிவே இல்லை என்று அர்த்தம். பத்தியில் ஒன்றிரண்டு என்றால் திருத்தலாம். வரிக்கு வரி இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கோப்பைப் படமாகப் பாவித்து நான்காவது வழிக்குப் போவதுதான் சீக்கிரம் முடியும்.

ஆங்கிலக் குப்பையாக வந்தால்

யூனிகோட் பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களில்தான் நாம் எழுதிக்கொண்டிருந்தோம். பாமினியில் 'அம்மா' என்று இருப்பதை ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள் வரும். எம்தான் அகரம், கேதான் மகரம், அரைப்புள்ளிதான் புள்ளி, எச்தான் கால். இலங்கையிலும் தமிழ்நாட்டு அச்சகங்களிலும் பாமினி கோலோச்சியது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில். 1999 சென்னைத் தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் என்ற குறியீட்டுத் தரங்கள் ஒரு பக்கம், இணையத்தில் புழங்கிய டிஸ்கி என்ற குறியீடு இன்னொரு பக்கம். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய கோப்புகளில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். பிந்தையவற்றிலும் பழக்கம் விடாதவர்கள் உண்டு.

இந்த வகைக் கோப்பைப் பார்த்ததும் பயப்படுகிறார்கள். உண்மையில் நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான். எழுத்து ஒன்றுகூடத் தொலைவதில்லை, குறியீடுதான் வேறு. மாற்றியில் போட்டால் பிழையில்லாமல் வந்துவிடும். ஸ்கேனைவிட எவ்வளவோ மேல்.

சுரதா என்பவரின் பொங்குதமிழ் மாற்றி உலாவியிலேயே வேலை செய்யும். என்எச்எம் கன்வெர்ட்டர் விண்டோஸில் நிறுவிக்கொள்ளும் மென்பொருள். எதில் போட்டாலும் முறை ஒன்றே: எழுத்துருவின் பெயரைப் பார்த்து அதற்குரிய குறியீட்டைத் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் ஒட்டிய குப்பையை ஒரு பெட்டியில் இட்டால் மறு பெட்டியில் யூனிகோட் தமிழ் வரும். பெயரிலிருந்து குறியீடு தெரியாவிட்டால், ஒரே ஒரு வரியை வைத்துப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றாக முயலுங்கள். சரியானது வந்ததும் கண்ணே சொல்லிவிடும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. மாற்றிக்கு ஆங்கிலம் எது, தமிழ் எது என்று தெரியாது. இடையிடையே உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரி, இணைய முகவரி, நிறுவனப் பெயர் எல்லாவற்றையும் 'தமிழாக்கி'விடும். மாற்றிய பிறகு பொருளே இல்லாத தமிழ்ச் சொல் ஒன்று கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல்தான். மூலத்தைப் பார்த்துக் கையால் இடுங்கள்.

ஸ்கேன் கோப்பு என்றால்

இங்கே எழுத்தே கிடையாது, எழுத்தின் புகைப்படம்தான் இருக்கிறது. அதைப் படித்து எழுத்தாக்கும் நுட்பம் ஓசிஆர். தமிழில் எழுத்துணரி என்கிறோம்.

விளைவு நன்றாக வர வேண்டுமானால் படம் நன்றாக இருக்க வேண்டும். நீங்களே ஸ்கேன் செய்வதாக இருந்தால் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வையுங்கள். மெல்லிய தாள் என்றால் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும்; அடியில் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் அது மறைந்துவிடும். பக்கம் கோணலாக இருக்கக் கூடாது. இரண்டு பக்கத்தையும் விரித்து ஒரே படமாக எடுத்திருந்தால் ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் அவற்றைப் பிரித்து, நிமிர்த்தி, ஓரத்துக் கருமையையும் வெட்டித் தரும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது கூகுள் டிரைவ். கோப்பை டிரைவில் ஏற்றி, அதன்மேல் வலது கிளிக் செய்து, 'ஓப்பன் வித்' என்பதில் கூகுள் டாக்ஸைத் தேர்ந்தெடுங்கள். சற்று நேரத்தில் எழுத்தாக்கிய ஆவணம் திறக்கும். கோப்பு 2 எம்பிக்குள் இருப்பது நல்லது என்கிறது கூகுள். 300 பக்க நூலை மொத்தமாக ஏற்றிவிட்டு, பாதியில் நின்றுவிட்டது என்று திகைக்க வேண்டாம். குரோமில் பிடிஎஃப்பைத் திறந்து, அச்சிடும் பெட்டியில் 'பிடிஎஃப் ஆகச் சேமி' என்பதைத் தேர்ந்து, பக்க எண்களைக் கொடுத்துப் பத்துப் பத்துப் பக்கமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஓரிரு பக்கத்துக்குப் போனில் கூகுள் லென்ஸே போதும்.

நிலப் பத்திரம், மருத்துவ அறிக்கை, அடையாள அட்டை, வழக்குக் காகிதம் போன்றவற்றைப் பெயர் தெரியாத இலவசத் தளங்களில் ஏற்றவே ஏற்றாதீர்கள். இவற்றுக்கு இணையம் இல்லாமல் உங்கள் கணினியிலேயே ஓடும் டெசரக்ட் என்ற எழுத்துணரி இருக்கிறது. எச்பி நிறுவனம் உருவாக்கி, 2005இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. நரம்பியல் வலை முறையைக் கொண்டுவந்த நான்காம் பதிப்பு 2018இல் வந்தது. கட்டளை அடித்துப் பழக்கமில்லாதவர்கள் ஜி-இமேஜ்-ரீடர் என்ற முகப்பை நிறுவிக்கொள்ளலாம். அதில் தமிழ் மொழித் தரவைச் சேர்த்து, பிடிஎஃப்பைத் திறந்து, வேண்டிய பகுதியைச் சுற்றிக் கட்டம் போட்டு 'ரெகக்னைஸ்' கொடுத்தால் பக்கத்திலேயே எழுத்து வரும். இரண்டு பத்தியாக அடித்த பழைய வார இதழ்களுக்கு இந்தக் கட்டம் போடும் வசதி மிகவும் உதவும். இல்லாவிட்டால் இடப்பக்க வரியின் தொடர்ச்சியாக வலப்பக்க வரி வந்து கதையே மாறிவிடும்.

உடைந்த வரிகளை ஒட்டுதல்

எந்த வழியில் வந்தாலும், பெரும்பாலும் பிடிஎஃப்பின் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகத்தான் வந்து நிற்கும். வரி முடிவுகளையெல்லாம் இடைவெளியாக மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பது ஆங்கிலத்துக்குப் பொருந்தும். தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை இடைக்கோடு போடாமலே உடைப்பது வழக்கம். 'கொண்டிருந்' ஒரு வரியில், 'தான்' அடுத்த வரியில். இடைவெளி விட்டு ஒட்டினால் நூல் முழுக்க 'கொண்டிருந் தான்' என்று இருக்கும்.

நான் செய்யும் முறை இது. முதலில் உண்மையான பத்தி முடியும் இடங்களில் @@ என்று போட்டுக்கொண்டே போகிறேன். பிறகு ரைட்டரில், அதே ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ் டிக்குடன், $ என்று தேடி ~ என்று மாற்றுகிறேன். எல்லா வரியும் ஒன்றாகிவிடும். பழைய வரி முடிவுகள் மட்டும் அலைக்கோடாக நிற்கும். இனி நம் இலக்கணம் கைகொடுக்கும். ண, ள, ழ, ற, ன என்ற எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. எனவே அலைக்கோட்டுக்கு அடுத்து இவை வந்தால் அது நிச்சயம் உடைந்த சொல்தான்:

~([ணளழறன])

இதை $1 என்று மாற்றினால் அத்தனையும் ஒட்டிக்கொள்ளும். அதேபோல ங், ஞ், ந் என்று வரி முடிந்தால் அதுவும் அநேகமாக உடைந்த சொல். க், ச், த், ப் என்று முடிவதை மட்டும் அவசரப்பட்டு ஒட்டாதீர்கள். 'கேட்கப்~போனான்' என்பதில் உள்ளது சந்தி எழுத்து. அங்கே இடைவெளிதான் வேண்டும். மீதமுள்ளவற்றை மெய்ப்புப் பார்க்கும்போது கண்ணால் முடிவு செய்து, கடைசியில் எஞ்சிய அலைக்கோடுகளை எல்லாம் இடைவெளியாக்குங்கள். @@ இருந்த இடங்களில் மறுபடி பத்தி பிரியுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் திரும்பத் திரும்ப வரும் நூல் பெயர், பக்க எண் ஆகியவற்றை இந்த வேலைக்கு முன்பே நீக்கிவிட வேண்டும். ஒட்டிய பிறகு அவை வாக்கியத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மெய்ப்பு

ஓசிஆர் செய்த கோப்புக்கு நேரம் பிடிப்பது இங்கேதான். இதைத் தவிர்க்க வழியில்லை. திரையின் ஒரு பாதியில் பிடிஎஃப், மறு பாதியில் உங்கள் கோப்பு. விக்கிமூலத்தில் பங்களிப்போரும் இப்படித்தான் பக்கப் படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்துப் படிக்கிறார்கள். ஒருவர் திருத்தினால் பக்கம் மஞ்சள், இன்னொருவர் மறுபடி பார்த்தால் பச்சை. முக்கியமான ஆவணம் என்றால் நீங்களும் இரண்டாவது கண்ணைத் தேடிக்கொள்ளுங்கள்.

எழுத்துணரி வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் சில உண்டு. காலும் ரகரமும், ழகரமும் முவும், எகரமும் ஏகாரமும், ணகரமும் னகரமும், கியும் கீயும். மங்கலான அச்சில் புள்ளி காணாமல் போகும். 'பக்கம்' 'பககம்' ஆகும். கண்ணால் பிடிக்கவே முடியாத கள்ளன் தமிழ் எண்கள். ௭ என்ற எண்ணும் எ என்ற எழுத்தும், ௮ என்ற எண்ணும் அ என்ற எழுத்தும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு வேறு வேறு. அதனால் ௧, ௨, ௭, ௮ ஆகியவற்றைத் தனித்தனியே தேடிப் பாருங்கள். தேடிய எண் வாக்கியத்தின் நடுவே 'என்று' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும்.

இன்னொரு நல்ல வலை:

[^ ][அ-ஔ]

இடைவெளி இல்லாமல் ஏதோ ஒன்றை ஒட்டி உயிரெழுத்து வரும் இடங்களை இது காட்டும். மேற்கோள் குறிக்குப் பின் வருவதும் சிக்கும், அதைத் தாண்டிப் போகலாம். மற்றபடி சொல்லின் நடுவில் உயிரெழுத்து வந்தால் ஒன்று தவறாகப் படித்தது, இல்லை இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டது.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் கூடுதல் பொறுமை வேண்டும். தும்பிக்கை போட்ட ணை, லை, ளை, னை, சுழித்த ணா, றா, னா எல்லாம் எழுத்துணரியைக் குழப்பும். ஆறுதல் என்னவென்றால், ஒரே நூலில் அது ஒரே மாதிரியாகத்தான் தப்புச் செய்யும். முதல் ஐந்தாறு பக்கங்களைக் கவனமாகத் திருத்திக்கொண்டே, எதை எதுவாகப் படிக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். பிறகு அந்தப் பட்டியலை வைத்து நூல் முழுக்க ஒவ்வொன்றாகத் தேடுங்கள். 'எல்லாவற்றையும் மாற்று' வேண்டாம், ஒவ்வொன்றையும் பார்த்தே மாற்றுங்கள்.

அட்டவணைகளுக்கு நல்ல வழி எதுவும் எனக்கு அகப்படவில்லை. ஒவ்வொரு நிரலையும் தனிக் கட்டமாகப் போட்டு எழுத்தாக்கி, விரிதாளில் அருகருகே ஒட்டுவது ஓரளவு பரவாயில்லை. எண்களை மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

சேமிக்கும்போது

வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் குறியீட்டை யுடிஎஃப்-8 என்று வையுங்கள். விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே அப்படிச் சேமிக்கிறது. பழைய கணினியில் 'ஆன்சி' என்று இருந்தால், மூடித் திறக்கும்போது தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறியிருக்கும். அதை மீட்க முடியாது. மேற்கோள் காட்டும் தேவை உள்ள நூல் என்றால் மூலப் பக்க எண்களை [பக்கம் 45] என்பது போல எழுத்தினூடே விட்டுவையுங்கள். எழுத்துணரி கொடுத்த முதல் கோப்பையும் திருத்திய கோப்பையும் தனித்தனிப் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு 'எல்லாவற்றையும் மாற்று' கைமீறிப் போனால், அந்த முதல் கோப்பிலிருந்து மறுபடி தொடங்கலாம்.